மயிலுக்குக் கழுத்து வேண்டும்

இயேசு மரி சூசை துணை

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
1936 மார்ச் 1, ஞாயிறு

அன்பு மகள் உர்சுலாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் தங்கை சூசனும் நல்ல சுகம். அங்கே குவாலா கிராயில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாய் இருக்கும்படி உன் அம்மா தினமும் மாதாவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாள், நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் கேட்கிறேன். உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. எழுத்து ஒரு பக்கமாய்ச் சாய்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, பிள்ளைக்குக் காய்ச்சல், மறைக்கிறாள் என்று அம்மா அழ ஆரம்பித்தாள். ஸ்டேஷனுக்குப் பக்கத்து வீட்டில் மேசை ஆடும், எழுத்து சாயத்தான் செய்யும் என்று நான் சொன்னதை அவள் நம்பவில்லை, ஆகையால் அடுத்த கடிதத்தை ரயில் எதுவும் வராத நேரம் பார்த்து எழுது. விபூதிப் புதன் முடிந்து தபசு காலம் தொடங்கிவிட்டது. வீட்டில் இறைச்சி கிடையாது, கத்தரிக்காயும் கருவாடும்தான். சூசன் இனிப்புச் சாப்பிடுவதில்லை என்று நேர்ந்துகொண்டு இரண்டாம் நாளே கொய்யாப்பழம் இனிப்பா இல்லையா என்று ஃபாதரிடம் போய்க் கேட்டிருக்கிறாள். பழத்தில் இனிப்பு ஆண்டவர் வைத்தது, நீ போட்டதல்ல என்று அவர் சொன்னாராம். வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று ரயில்வேக்கு எழுதிப்போட்டேன், ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனான், கூரை இன்னும் ஒழுகுகிறது. சமாச்சாரம் இவ்வளவுதான்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். சிங்கப்பூர் நூல் கம்பெனி அனுப்பிய ஒப்பந்தத்தைக் கூடவே வைத்து, கையெழுத்துப் போடலாமா அப்பா, ஈஸ்டருக்கு முன்னால் பதில் கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். போடாதே என்பது என் பதில். சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது என்பது உனக்குத் தெரியும். பத்தொன்பது வயதில் கல்யாணம் செய்துகொண்டவன், உன் கல்யாணத்தில் என்னைப் பெண்ணுக்கு அண்ணனா என்று கேட்டவர்கள் உண்டு, பொறுமையாய் எழுதுகிற வயது எனக்கு இன்னும் வரவில்லை என்று வைத்துக்கொள். ஆனால் வெறுமனே வேண்டாம் என்று சொல்லிவிட்டு நிறுத்தினால் உனக்கு நியாயமில்லை. ஏன் என்று சொல்ல, இங்கே தைப்பூசத்துக்கு முன்னால் நடந்த ஒன்றை உனக்கு எழுதியாக வேண்டும். பிள்ளை மனம் வாடும், எழுதாதே என்று அம்மா இத்தனை நாள் என்னைத் தடுத்து வைத்திருந்தாள். ஒப்பந்தம் வீட்டுக்குள் வந்துவிட்டது, இனி அவள் பேச்சு எடுபடாது.

போன வருஷம் நீ வரைந்து கம்பெனிக்கு அனுப்பிய மயில், அவர்களுடைய குரோஷா ஊசிப் பின்னல் மாதிரிப் புத்தகத்தில் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் அம்மா கிள்ளானுக்கு ரயிலேறிப் போய் அந்தப் புத்தகத்தை வாங்கி வந்தாள். உன் பேர் எங்கே என்று முன்னும் பின்னும் புரட்டினாள். மயில் படத்துக்குக் கீழே, உள்நாட்டுப் பெண்மணி ஒருவர் அமைத்தது என்று இங்கிலீஷில் ஒரு வரி இருந்தது, அவ்வளவுதான். உள்நாட்டுப் பெண்மணி என்றால் யாருக்குத் தெரியும், அதனால் அம்மாவே ரயில்வே குவார்ட்டர்ஸ் முழுக்க வீடு வீடாய்ப் போய், இது என் மூத்த மகள் போட்ட மயில் என்று சொல்லிவிட்டு வந்தாள். வந்த வினை அங்கேதான் ஆரம்பம். பின் வரிசையில் இருக்கிறாளே தனலெட்சுமி, இன்ஜின் பயர்மேன் பக்கிரிசாமியின் மனைவி, அம்மாவிடம் குரோஷா கற்றுக்கொண்டவள், அவள் அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். அவள் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தது. அதற்காகப் பக்கிரிசாமி இந்தத் தைப்பூசத்துக்குப் பத்துமலையில் காவடி எடுப்பதாக வேண்டுதல். காவடியின் முன்னால் தொங்கவிட மயில் போட்ட துணி ஒன்றைத் தன் கையாலேயே பின்னித் தருவதாக இவள் வேண்டுதல்.

பொங்கல் கழித்து ஒரு சாயங்காலம் தனலெட்சுமி முக்கால்வாசி முடிந்த துணியைக் கையில் சுருட்டிக்கொண்டு வந்து அடுப்படி வாசலில் நின்றாள். அக்கா, நான் ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்கக் கூடாது என்றாள். துணியை விரித்துக் காட்டினாள். உடம்பு இருக்கிறது, தோகை இருக்கிறது, தலை இருக்கிறது, தலை நேராய் முதுகின்மேல் உட்கார்ந்திருக்கிறது, கழுத்தைக் காணோம். வேலவனுக்கு வாகனம் கேட்டா உங்க மக வாத்தைக் குடுத்திருக்காளே அக்கா, நாங்க பத்துமலைக்குப் போறதா, குளத்துக்குப் போறதா என்றாள். நான் சமாளிக்கப் பார்த்து, தூரத்திலிருந்து பார்த்தால் சேவல் மாதிரி இருக்கிறது, சேவலும் முருகனுக்கு ஆகும்தானே என்றேன். சேவல்னா பரவால்ல அண்ணே, அது கொடியில இருக்கு, இது சேவலும் இல்ல, இது வாத்துலா என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் கண் கலங்கியிருந்தது. பிழைத்த குழந்தைக்காகச் செய்த வேலை அது, தினமும் குளித்துவிட்டு உட்கார்ந்து பின்னியிருக்கிறாள். அவள் போன பிறகு அம்மா என்னிடம், என் பிள்ளை இப்படிப் போடமாட்டாள், போட்டிருக்கமாட்டாள் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நீ போடவில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் குவார்ட்டர்ஸில் எல்லோருக்கும் அது உர்சுலாவின் வாத்து ஆகிவிட்டது. குழாயடியில் அம்மா போய் நின்றால் பேச்சு நின்றுவிடுகிறது என்று இரண்டு நாள் தண்ணீருக்குச் சூசனை அனுப்பினாள்.

நீ கல்யாணத்துக்கு முன்னால் கட்டம் போட்ட தாளில் வரைந்து அம்மாவிடம் விட்டுப்போன முதல் மயில் பெட்டியில் இருந்தது. அதையும் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிசை வரிசையாய் எண்ணினேன். கழுத்தில் எட்டு வரிசையை எடுத்துவிட்டிருந்தார்கள். வெட்டிய இடம் தெரியாதபடி மேலேயும் கீழேயும் ஒட்டி அழகாய் அச்சடித்திருந்தார்கள். சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் கிள்ளானுக்குப் போய், அந்தக் கம்பெனி நூலை விற்கும் கடையில் விஜயன் என்று ஒருவர், ஏஜெண்டு, அவரைப் பிடித்தேன். சண்டை போடுவதற்குத்தான் போனேன். மனுஷன் சண்டைக்கு இடம் கொடுக்கவில்லை, காப்பி வரவழைத்துவிட்டு இரண்டு தாளையும் வாங்கிப் பார்த்தார். பக்கத்துல அடங்கலன்னு ஆபீஸ்ல யாராவது நடுவுல எடுத்திருப்பாங்க அண்ணே, அவங்களுக்கு இதெல்லாம் கட்டம்தானே என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, எங்க வீட்டுக்காரியும் இதைத்தான் போட்டா, கௌதாரின்னு நெனச்சு மேசையில விரிச்சு வச்சிருக்கா, நானும் அப்படியே விட்டுட்டேன் என்றார். திருத்தி அச்சடிக்கச் சொல்லுங்கள் என்றேன். அடுத்த புத்தகம் போடும்போது சொல்லிப் பார்க்கலாம் என்றார். அப்புறம் அவர் சொன்னதுதான் எனக்கு விஷயத்தை விளக்கியது. புஸ்தகம் எதுக்குண்ணே போடுறாங்க, நூல் விக்க. மயிலு வாத்தா ஆனாலும் அதே நூல்தானே போகும். அவர் கெட்ட மனிதர் இல்லை உர்சுலா, கம்பெனியும் உன்மேல் பகை வைத்துச் செய்யவில்லை. நீ மயில் வரைந்தாய், அவர்கள் நூலுக்கு விளம்பரப் பலகை வாங்கினார்கள். பலகை கடை வாசலில் அடங்காவிட்டால் ரம்பத்தால் அறுப்பது அவர்களுக்குச் சகஜம்.

பாலத்துக்குப் படம் வரையும் எங்கள் ரயில்வே டிராயிங் ஆபீசில் இது நடக்காது. எந்தப் படத்தை எடுத்தாலும் வலதுபக்கம் கீழ்மூலையில் ஒரு பெட்டி இருக்கும். வரைந்தவர் யார், பிரதி எடுத்தவர் யார், சரிபார்த்தவர் யார் என்று கையெழுத்து. பிறகு யாராவது ஒரு கோட்டை அரை அங்குலம் நகர்த்தினாலும் என்ன நகர்ந்தது, எந்தத் தேதியில், யார் நகர்த்தியது என்று அதற்கு மேலே எழுதியாக வேண்டும். துரையே நகர்த்தினாலும் எழுதத்தான் வேண்டும். பாலம் விழுந்தால் யாரைக் கேட்பது என்பதற்காக மட்டும் இல்லை. வரைந்தவனுக்குத் தெரியாமல் படம் மாறக்கூடாது என்பதற்காக. உன் மயிலுக்கு அந்த மூலைப் பெட்டி இல்லாமல் போனதுதான் குறை, வேறு குறை ஒன்றுமில்லை.

ஆகையால் நானே செய்தேன். ஆபீஸ் சாமானைத் தொடவில்லை, புளூ பிரிண்ட் காகிதத்தில் ஒரு சுருளைச் சொந்தமாய் வாங்கினேன். உன் மயிலை, அடியிலிருப்பது தெரியும் டிரேசிங் துணியில் கறுப்பு மையால் கட்டத்துக்குக் கட்டம் பிரதி எடுத்தேன். பழைய ஜன்னல் கண்ணாடியை வைத்துச் சட்டம் அடித்தேன். மருந்து பூசிய காகிதத்தின்மேல் டிரேசிங்கை வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் காட்டி, பிறகு தண்ணீரில் அலசினால் வெயில் பட்ட இடமெல்லாம் நீலமாகும், மை மறைத்த இடம் வெள்ளையாய் நிற்கும், நீ சின்னப் பிள்ளையில் ஆபீஸ் வாசலில் நின்று பார்த்திருக்கிறாய். ஞாயிறு பூசை முடிந்து வந்து பின்முற்றத்தில் சட்டத்தைச் சாய்த்து வைத்தேன். முதல் தாளுக்கு மேகம் வந்து கெட்டது. இரண்டாவதன்மேல் அம்மா துணி உதறியதில் தண்ணீர் தெறித்தது. மூன்றாவது நன்றாய் விழுந்தது, நீலத்தில் வெள்ளை மயில், கழுத்து முழுசாய். எனக்கு அன்றைக்கு இருந்த பெருமையில் சோறு இறங்கவில்லை. தாளைக் கொண்டுபோய்த் தனலெட்சுமியிடம் கொடுத்து, இதைப் பார்த்துப் போடு, இது என் மகள் போட்டது, எவனும் கை வைக்காதது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவள் பழையதைப் பிரித்துவிட்டுப் புதிதாய் ஆரம்பித்தாள். தைப்பூசத்துக்கு நாள் கிட்டே வந்துவிட்டது, வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து பின்னினாள், யார் கண்ணிலும் படவிடவில்லை. நூல் போதவில்லை என்று அம்மாவிடம் ஒரு தரம் கேட்டனுப்பினாள், மறுபடி ஒரு தரம் கேட்டனுப்பினாள். மயில் என்ன நூலைத் தின்கிறதா என்று அம்மா கேட்டதற்கு நான், கழுத்து முழுசாய் வந்தால் நூல் அதிகம் பிடிக்கும் என்று பெரிய நிபுணன் போலச் சொன்னேன். தைப்பூசத்துக்கு முந்தின நாள் துணியைக் கொண்டு வந்தாள். விரித்தாள். மயில் இல்லை. துணி முழுக்கக் கெட்டியாய் அடைத்துப் பின்னியிருந்தது, நடுவில் மயில் வடிவத்துக்கு வலை வலையாய் ஓட்டை. நான் துணியைத் திருப்பிப் பார்த்தேன், அதற்குள் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். தனலெட்சுமி என்னைப் பார்த்து, நீங்க குடுத்தபடிதான் போட்டேன் அண்ணே, புஸ்தகத்துல இருட்டா இருக்கற கட்டத்தை அடைக்கணும், வெளுப்பா இருக்கறதைத் திறந்து விடணும்னு அக்காதான் சொல்லிக் குடுத்தாங்க, இதுல நீலம்தானே இருட்டு என்றாள். அவள் செய்தது சரி. நான் வருஷக்கணக்காய் நீலத்தில் வெள்ளையைப் பார்த்துப் பார்த்து, அதுதான் உலகத்துக்கே வழக்கம் என்று இருந்துவிட்டேன். வெள்ளைக் கட்டம்தான் அடைப்பு என்று மூலையில் ஒரு வரி எழுதியிருந்தால் தீர்ந்தது. என்ன செய்வது, நாளைக்குக் காவடி. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் பக்கிரிசாமி வந்து எட்டிப் பார்த்தான். கழுத்து இருக்கா என்று மட்டும் கேட்டான். இருக்கிறது என்றேன். அது போதும் என்றான்.

ஆனால் போதும் என்பதற்கு மேலேயே ஆயிற்று. துணிக்கு உள்ளே வைப்பதற்கு அவன் சிவப்புப் பட்டு வாங்கி வைத்திருந்தான். அம்மா அதை வாங்கிப் பின்னல் துணிக்குக் கீழே வைத்தாள், வெள்ளைப் பின்னலுக்கு நடுவில் ஓட்டை வழியாய்ச் சிவப்பு மயில் எழுந்து நின்றது. உள்ளே யாரோ விளக்கு வைத்ததுபோல் இருந்தது. அடைத்துப் போட்டிருந்தால் வெள்ளைமேல் வெள்ளையாய் இருந்திருக்கும், பத்தடி தள்ளி நின்றால் தெரிந்திருக்காது. மறுநாள் ஸ்பெஷல் ரயிலில் நானும் பத்துமலைக்குப் போனேன். அம்மா வரவில்லை, வாசல் வரைக்கும் வந்து காவடியைப் பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். படிக்கட்டுக்குக் கீழே கூட்டத்தில் நிற்கும்போது பூச்சோங் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த பெண்கள் தனலெட்சுமியைச் சூழ்ந்துகொண்டார்கள். துணியைத் தொட்டுப் பார்க்கலாமா, யார் போட்டுக் கொடுத்தது என்று கேள்வி. நான்தான் பின்னினேன், படம் எங்க குவார்ட்டர்ஸ் பொண்ணு போட்டது, உர்சுலான்னு பேரு, கிராய்ல இருக்கா என்றாள். வேதக்காரப் பொண்ணா மயிலு போட்டுச்சு என்று ஒரு அம்மாள் ஆச்சரியப்பட்டாள், மாரியாயி என்று பேர். மயிலுக்கு ஏதுக்கா வேதம், கழுத்து இருந்தா சரி என்று தனலெட்சுமி சொன்னதும் அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்கு ஒரு தாள் வேணும், எங்கே கிடைக்கும் என்று மாரியாயி என்னைக் கேட்டாள். அவள் விலாசத்தை மட்டும் எழுதி வாங்கிக்கொண்டேன் மகளே. கடையில் கிடைக்கும் என்றால் அங்கே கிடைப்பது வாத்து.

இப்போது ஒப்பந்தத்துக்கு வருகிறேன். நீ அதை மேலோட்டமாய்ப் படித்திருக்கிறாய், நான் பால வரைபடம் படிப்பதுபோல் படித்தேன். அவர்கள் கொடுப்பதாகச் சொல்லும் தொகையில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. நான்காவது பாராவைப் பார். உன் படத்தைக் கம்பெனி இஷ்டம்போல் சுருக்கலாம், மாற்றலாம், உன்னைக் கேட்க வேண்டியதில்லை. ஆறாவதில் உன் பேரைப் போட வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. ஏழாவதைத் தனியாய் உட்கார்ந்து படி, இனிமேல் நீ வரையும் எல்லா மாதிரியும் முதலில் அவர்களுக்கே என்று இருக்கிறது, அவர்கள் வேண்டாம் என்று சொன்னதையும் வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. அதாவது நீ அங்கே மரத்தில் தொங்கும் சிவப்பு ஜம்புக்காய்க் கொத்து ஒன்று வரைந்து, இங்கே யார் வாங்குவார், ரோஜாப்பூவும் அன்னப் பறவையும் அனுப்பு என்று அவர்கள் தள்ளிவிட்டார்களே, கையெழுத்துப் போட்டபின் அந்த ஜம்புக்காயை நீ உன் அம்மாவுக்குக்கூடக் கடிதத்தில் வைத்து அனுப்ப முடியாது. காடு அடர்ந்த அந்த இடத்தில் மழையையும் அட்டையையும் பார்த்துக்கொண்டு, மாப்பிள்ளை டூட்டிக்குப் போன பிறகு நீ தனியாய் உட்கார்ந்து வரைவது எதற்கென்று எனக்குத் தெரியும். ஜன்னலுக்கு வெளியே தெரிவதைக் கட்டத்துக்குள் கொண்டு வந்துவிட்டால் அந்த ஊர் கொஞ்சம் உன்னுடையதாகிறது என்று போன மழைக்காலத்தில் எழுதியிருந்தாய். அதைத்தான் இந்த ஏழாவது பாரா கேட்கிறது.

ஆகையால் நீயே அச்சிட்டு நீயே விற்பது என்று நான் சொல்கிறேன். இதை அம்மாவிடம் சொன்னபோது, பெண் பிள்ளை வியாபாரம் செய்வதா என்று அவள் கேட்கவில்லை, யார் பொட்டலம் கட்டுவது என்று கேட்டாள், உன் அம்மா என்னைவிடக் கெட்டிக்காரி. கஷ்டத்தையும் மறைக்காமல் எழுதுகிறேன். கம்பெனி புத்தகம் சிங்கப்பூரிலிருந்து பினாங்கு வரை கடைக்குக் கடை போகும், உன்னுடையது நம் குவார்ட்டர்ஸும் இரண்டு தோட்டமும் தாண்ட நாளாகும். தபாலுக்கு நீதான் போக வேண்டும். கணக்கு வரவில்லை, கட்டம் புரியவில்லை என்று எழுதுகிறவர்களுக்கு நீதான் பதில் போட வேண்டும், சில பேர் தங்கள் கை தப்புக்கு உன்னைத் திட்டுவார்கள், அதையும் வாங்கிக்கொள்ள வேண்டும். புளூ பிரிண்ட் வெயிலில் கிடந்தால் வெளுக்கும், ஆகையால் ஒரு நாள் நல்ல அச்சாபீசில் கொடுத்துத்தான் ஆக வேண்டும், அதற்கு முதலில் ஆள் சேர வேண்டும். இதெல்லாம் சள்ளைதான். ஆனால் இதையும் பார். நான் செய்த தப்பு ஒரு தாளில்தான் இருந்தது. பத்துமலையிலிருந்து வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை டிரேசிங்கின் மூலையில், வெள்ளைக் கட்டம் அடைப்பு, நீலக் கட்டம் திறப்பு என்று தமிழில் எழுதி, முதல் திருத்தம் என்று தேதி போட்டு, வெயிலில் வைத்துப் புதுத்தாள் எடுத்தேன். மாரியாயிக்கு அதைத்தான் அனுப்பினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தப்பு தீர்ந்தது. கம்பெனியின் வாத்து கடைக்குக் கடை உட்கார்ந்திருக்கிறது, விஜயன் சொல்லிப் பார்க்கிறவரைக்கும் உட்கார்ந்திருக்கும். தப்பு வராமல் யாரும் வரைய முடியாது, நானும் முடியாது, நீயும் முடியாது. வந்த தப்பை எடுக்கிற கை யாருடையது என்பதுதான் கேள்வி.

மாப்பிள்ளை கையெழுத்துப் போடு என்கிறார் என்று எழுதியிருந்தாய். கொர்னேலியஸ்மேல் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. கம்பெனி என்றால் ஒரு நிலை, உனக்கு அலைச்சல் இருக்கக்கூடாது என்று அவர் நினைக்கிறார், அது பாசம்தான். ஆனால் அவர் அசிஸ்டெண்ட் ஸ்டேஷன் மாஸ்டர். அவர் போட்ட டைம்டேபிளில் அவருக்குத் தெரியாமல் யாரோ இரண்டு வரியை எடுத்துவிட்டு ஒட்டினால் என்ன ஆகும் என்று அவரையே கேட்டுப் பார். சிரிப்பார், பிறகு யோசிப்பார். இந்தக் கடிதத்தையும் அவரிடம் கொடு, ஒளிக்க வேண்டாம். கடைசியில் தீர்மானம் உன்னுடையது. நீ கம்பெனிக்கே கொடுப்பது என்று முடிவு செய்தால் நான் முகத்தைத் தூக்கிக்கொண்டு இருக்க மாட்டேன், அடுத்த புத்தகத்தையும் அம்மா கிள்ளானுக்குப் போய் வாங்கத்தான் செய்வாள். ஆனால் அம்மாவைத் தண்ணீர்க் குழாய்க்கு அனுப்பும் முன் நானே வரிசைகளை எண்ணிப் பார்த்துவிடுவேன்.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். தனலெட்சுமியின் மயில், அந்த ஓட்டை மயில், அதையும் ஒரு மாதிரியாய் வரைந்து வைக்கலாமா என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். மாதிரி உன்னுடையது, தப்பு என்னுடையது, துணி அவளுடையது. உன்னைக் கேட்காமல் நான் அதைத் தொடவில்லை. வேண்டும் என்றால் நீயே வரைந்து அனுப்பு, அவள் பேரையும் எங்காவது போடு, சந்தோஷப்படுவாள், வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள்.

அம்மா எலுமிச்சை ஊறுகாய் போட்டு அனுப்பியிருக்கிறாள், தபசு முடிகிறவரை கெடாது. காய்ச்சல் வராமலிருக்கக் கொயினா மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு தவறாமல் சாப்பிடு, மாப்பிள்ளையையும் சாப்பிடச் சொல், கசக்கிறது என்று ஆற்றில் எறிந்துவிடாதீர்கள். ஈஸ்டருக்கு லீவு கிடைத்தால் இருவரும் வாருங்கள், கிடைக்காவிட்டால் சூசனை அழைத்துக்கொண்டு நாங்கள் வருகிறோம். தேவமாதாவும் காவல் சம்மனசும் உங்கள் இருவரையும் ஆறும் காடும் மழையும் உள்ள அந்த ஊரில் பத்திரமாய்க் காப்பாற்றட்டும். என் நெற்றிச் சிலுவையை உனக்கு இந்தத் தாளிலேயே போட்டு அனுப்புகிறேன்.

மறக்க வேண்டாம். கம்பெனியின் ஒப்பந்தத்தை அப்படியே திருப்பி வைத்திருக்கிறேன், அதில் கையெழுத்துப் போடும் இடம் காலியாக இருக்கிறது. கூடவே தகரக் குழாயில் மயில் டிரேசிங்கைச் சுருட்டி அனுப்புகிறேன். அதை மடிக்காதே, அந்தத் துணிமேல் ஒரு சொட்டு மழை விழுந்தாலும் கெட்டுப்போகும். வலது பக்கம் கீழ்மூலையில் பெட்டி போட்டிருக்கிறேன். பிரதி எடுத்தவர் என்ற இடத்தில் என் எழுத்து இருக்கிறது. சரிபார்த்தவர் என்ற இடத்தில் அம்மா கட்டம் கட்டமாய் எண்ணிவிட்டுத் தன் பேரைப் போட்டிருக்கிறாள், மை கொஞ்சம் ஊறிவிட்டது, பரவாயில்லை. வரைந்தவர் என்ற இடமும் காலியாக இருக்கிறது. இரண்டில் ஒன்றில் நீ கையெழுத்துப் போடப்போகிறாய். டிரேசிங்கில் போடுவதானால் கறுப்பு மையால் போடு, மற்ற மை வெயிலில் நிற்காது. பேரைச் சுருக்காமல் முழுசாய் எழுது.

உன் அப்பா
கிரிகரி